பாறூக் கட்டிய அரண்மனை

என் தங்கங்களே, கிட்ட வந்து இருங்கள். காத்தான்குடியில் எழும்பிய ஓர் அரண்மனையின் கதையைச் சொல்கிறேன்.

மகள் நிஸ்றாவுக்கென்று கட்டி முடித்த வீட்டுக்குள் சபூரா திகைத்துப்போய் நின்றாள். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்தால்தானே மாப்பிள்ளை வருவார்? ஏறாவூரிலிருந்து மாப்பிள்ளையின் தாய் அஸீமா வீடு பார்க்க வந்துகொண்டிருந்தார். அவர் முகம் சுளித்தால் சம்பந்தம் கைநழுவிவிடும்.

வெளியே குறை சொல்ல ஒன்றுமில்லை. கூரைக்கு மேலே காற்றுப் பிடிக்கும் கோபுரம், மரப்பின்னல் போட்ட யன்னல்கள். உள்ளேதான் சங்கடம். வாசலால் நுழைந்தால் எதிரே சுவர். சுவரைச் சுற்றினால் ஒடுங்கிய நடை; அது வளைந்து இன்னொரு நடையில் முட்டும். தோளை ஒருக்களித்து ஏறவேண்டிய படிக்கட்டு வேறு. எப்படிப் போனாலும் கடைசியில் குசினிதான். அதுவோ ஊருக்கே சோறாக்கலாம் போல அகலம். வந்தவரை இருத்த ஒரு ஹோல் கிடையாது.

கணவர் பாறூக் அரபு நாட்டில், பழைய நகரத்து அரண்மனை ஒன்றில் சமையல் வேலை பார்த்தவர். மகளை ராணி மாதிரி வைக்கவேண்டுமென்று மேசனுக்குப் பக்கத்திலேயே நின்று கட்டுவித்தார். ஹோல் எங்கே என்று சபூரா கேட்ட நேரமெல்லாம், அரண்மனை இப்படித்தான் என்றார். தனக்குத்தான் அரண்மனை விளங்கவில்லையோ என்று அவளும் வாயை மூடிக்கொண்டாள்.

அஸீமா வந்தார். வழிகாட்டப் போன சபூராவே ஒரு வளைவில் தடுமாறி நின்றாள். அஸீமா அவளை விலத்திக்கொண்டு, ஒருவரையும் கேளாமல் அந்தப் படியால் ஏறி இறங்கி, நேரே குசினிக்குள் போனார். அங்கே சுவரில், சாப்பாட்டுத் தட்டு மட்டும் நுழையக்கூடிய ஓர் ஓட்டை. அதைத் தடவிப் பார்த்தார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று சபூராவுக்குப் பிடிபடவில்லை.

“தம்பி, முன்வாசலால நீங்க ஒருநாளும் உள்ளுக்குப் போகல்லயா?”

“எங்கள ஆரு ராத்தா விட்டாங்க?” என்றார் பின்னால் வந்து நின்ற பாறூக்.

“நானும் அரபு நாட்டுல இப்படி ஒண்டுலதான் கோப்பை கழுவின. இது வேலைக்காரங்கட பக்கம், தம்பி. இந்த ஓட்டையால சாப்பாடு மட்டுந்தான் வீட்டுக்காரங்கட பக்கம் போகும்.”

பாறூக் சுவரையே பார்த்தார். அப்படியென்றால் இவ்வளவு காலமும் தான் கண்டது அரண்மனை இல்லையா என்று அவருக்கு விளங்கவில்லை. சம்பந்தம் போயிற்று என்றே சபூரா எண்ணினாள்.

அஸீமாவோ பாய் ஒன்றைக் கேட்டு வாங்கிக் குசினி நடுவே விரித்து இருந்துகொண்டார். ஹோலை முன்பக்கம் பிறகு கட்டிக்கொள்ளலாம், நிக்காஹ் நாளைப் பேசுவோம் என்றார்.

“அந்த ஓட்டைய மட்டும் நாளைக்கே பூசி அடைச்சுப் போடுங்க. என்ட மகனுக்குத் தேத்தண்ணி வேணுமெண்டா, அவன் குசினிக்க வந்து குடிக்கட்டும்.”

இதற்குச் சிரிப்பதா, அழுவதா என்று தெரியாமல் சபூரா அடுப்பில் தண்ணீர் வைத்தாள்.

மக்களே, உங்கள் வீடுகளிலும் அல்லாஹ் பரக்கத்தைப் பொழியட்டும். உங்கள் பெண்பிள்ளைகள் நல்லாயிருக்கட்டும்.