நாலாவது பாட்டு

கிளின்ரன் சீடியைப் பற்பசை போட்டுத் துடைத்துக்கொண்டு வந்திருந்தான்.

"அக்கா, ரெண்டு தரம் உரஞ்சினனான். இன்னும் தட்டுது."

நிரோஜினி அதை வாங்கி வெயிலில் சரித்துப் பார்த்தாள். நடு ஓட்டையைச் சுற்றி வெள்ளையாகக் காய்ந்திருந்தது. எழுவைதீவில் படச் சீடி கீறுப்பட்டால் அதுதான் வைத்தியம். பற்பசையைத் தடவி, பழைய சீத்தைத் துணியால் சுற்றிச் சுற்றித் துடைப்பார்கள். சின்னம்மாவின் மகன் கிளின்ரன், இருபது வயதிலேயே தனி வள்ளம் ஓட்டுகிறவன், அந்த வைத்தியத்தை மனமாரச் செய்திருந்தான்.

"அது தட்டேல்லையடா. அது அப்பிடித்தான்."

"எப்பிடித்தான்?"

"வேணுமெண்டு செய்யிறது. குரலை வெட்டி, துண்டுதுண்டாக்கி, துண்டுகளைத் திருப்பி அடுக்கிறது. ஹிப் ஹொப் தாளத்தை எடுத்து அதையே உடைச்சுச் செய்யிறவை."

"அப்ப கனடாவிலை பழுதான சீடியைத் தெரிஞ்செடுத்துக் கேக்கிறீங்கள்."

"ஓம், அப்பிடித்தான் வையன்."

ஊர்காவற்றுறையில் இருந்து வந்த படகில் அவள் காதில் மாட்டியிருந்ததைப் பார்த்து என்ன கேட்கிறீர்கள் என்று கேட்டவன் அவன்தான். அவள் கொண்டுவந்திருந்த செற்றில், கசற்றும் சீடியும் போடுகிற செற்றில், அன்றே கேட்டுப் பார்த்திருக்கிறான். விளங்கவில்லை என்று விட்டுவிடாமல் மறுபடியும் வந்து நிற்கிறான்.

"முதலாவதிலை இருந்து துவங்கு," என்றாள். "அது லேசு. ஆள் பேசிக்கொண்டு போவார், பேச்சு நொண்டும். நொண்டுற இடத்திலை நீ அவசரப்படாதை. ரெண்டாவதிலை மழை மாதிரி ஒரு இரைச்சல். அது பழுதில்லை, அந்தப் பாட்டுக்கு அதுதான் நிலம். மூண்டாவது கொஞ்சம் கஷ்டம். இடையிலை ஒண்டுமே இராது. செற் நிண்டு போச்செண்டு எழும்பிப் போகாதை. பாட்டு வருமெண்டு காத்திருக்கவும் வேண்டாம். வாறதைக் கேள்."

"நாலாவது?"

"மூண்டோடை நிப்பாட்டு. நாலாவது சரியில்லை."

வந்து இரண்டு நாளில் அவள் சேர்த்துப் பேசியது அவ்வளவுதான். துறையில் இறங்கியதும் பெண்கள் கட்டிப்பிடித்துக் குழறி அழுதார்கள். அவள் கையில் பெட்டியோடு நின்றாள். யாருடைய கண்ணீரோ அவள் கழுத்தில் ஓடிச் சட்டைக்குள் இறங்கியது. குளிர்ந்தது என்பது மட்டும் தெரிந்தது.

அப்பா அம்புறோஸ் இறந்து முப்பது நாள். வள்ளத்தில் போனவர் நெஞ்சுவலியில் வள்ளத்திலேயே முடிந்துபோனார். சண்டை நின்று ஒரு வருசமாகிறது. இனிக் கடலில் பயமில்லை என்று அவர் சொன்ன வருசம் அது. அவளுடைய பயணப் பத்திரம் கைக்கு வர மூன்று கிழமை எடுத்தது. அடக்கத்துக்கு வர முடியவில்லை. நாளைக்கு முப்பத்தோராம் நாள் பூசை. அதற்குத்தான் வந்து சேர்ந்தாள்.

வரும்போது அம்மா ஒன்றே ஒன்று கேட்டிருந்தா. ஊர்காவற்றுறைக்குப் போய்க் கொமினிக்கேசன் கடையில் ரெலிபோனைப் பிடித்துக்கொண்டு, பின்னால் ஆட்கள் காத்து நிற்க, இரைந்து கேட்டா.

"அப்பாவின்ரை கசற்றைக் கொண்டு வா பிள்ளை. பூசை முடிய ஆக்கள் வருவினம். அவரின்ரை குரலைப் போடுவம். என்னட்டை ஒண்டும் இல்லை."

அவள் ஓம் என்றாள்.

அவர்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு கசற். தொண்ணூற்றெட்டில் பதினெட்டு வயதில் அவள் சித்தப்பாவிடம் ரொறொன்ரோவுக்குப் போனதிலிருந்து கடிதம் அதில்தான். புதுக் கசற் என்றால் துறையில் நேவிக்காரர் பிடித்துவைத்து முழுக்கப் போட்டுக் கேட்பார்கள். ஒரு கசற்றை மட்டும் இரண்டு தரம் கேட்டுச் சலித்து, லேபிளில் பேனையால் ஒரு கீறுக் கீறி விட்டிருந்தார்கள். அந்தக் கீறு இருந்தால் கேளாமல் விடுவார்கள். ஆகவே அந்தக் கசற்தான் போனது, வந்தது. அப்பா பேசி அனுப்புவார். அவள் கேட்டு முடிய, திருப்பிச் சுற்றி, அதன் மேலேயே தன் பதிலைப் பதிந்து அனுப்புவாள். அவளுடைய பதில் மேல் அவர் பேசுவார். தீவில் பல வீடுகளில் அப்படித்தான். யாரும் குரலைச் சேர்த்து வைக்கவில்லை. குரல் இருந்துகொண்டிருக்கும் என்றுதான் எல்லாரும் இருந்தார்கள்.

அப்பாவின் கடைசிக் கசற் சித்திரையில் வந்தது. எட்டு நிமிசம். அவள் ஒரு தரம் கேட்டாள், அதுவும் கோப்பை கழுவிக்கொண்டு. பிறகு அதில் கொஞ்சத்தைக் கொம்பியூட்டரில் ஏற்றி, வெட்டி, ஒரு பாட்டுச் செய்து சீடியில் ஏற்றினாள். வேலையில் கூட நின்ற பொடியன் ஒருத்தன்தான் இந்த இசையை அவளுக்குப் பழக்கினவன். அவனுக்குப் போட்டுக் காட்டத்தான் செய்தாள். பிறகு பதினைந்து நிமிசம் பதில் பதிந்தாள். தபாலில் போட நினைத்த கிழமை செய்தி வந்தது.

பின்னேரம் கிளின்ரன் வந்து அவளைக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போனான். வாடிக் கொட்டிலில் நாலைந்து பேர் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார்கள். செற் ஒரு மீன்பெட்டியின் மேல் இருந்தது.

"அக்கா வந்திட்டா. இனி விளங்கப்படுத்துவா," என்றான்.

"விளங்கிறதுக்கு என்ன கிடக்கு," என்றான் கிளின்ரனின் கூட்டாளி ஜெனுஷன். "எங்களுக்குக் கறண்ட் தானா நிக்குது. கனடாவிலை நிக்காதாம். அதாலை காசு குடுத்து நிப்பாட்டிக் கேக்கினம்."

சிரித்தார்கள். சில்வெஸ்ரர் மாமா சிரிக்கவில்லை. பதினெட்டு வருசம் அப்பாவோடு ஒரே வள்ளத்தில் தொழில் செய்தவர். அன்றைக்கு வள்ளத்தைத் திருப்பிக் கரைக்குக் கொண்டு வந்ததும் அவர்தான்.

"இந்த மற்றத் தொங்கலைப் பிடி பிள்ளை," என்று வலையை அவள் கையில் கொடுத்தார். "இறுக்கிப் பிடி."

அவள் கண்ணிகளுக்குள் விரல்களைக் கொளுவி இறுக்கிப் பிடித்தாள். கிளின்ரன் முதலாவதைப் போட்டுவிட்டுத் தேத்தண்ணி எடுக்கப் போனான். பாடுகிறவனின் பேச்சு நொண்டியது. தாளம் ஒரு அடி வைக்கப் போய் வைக்காமல் நின்றது.

"எஞ்சின் பிளக் ஊத்தை பிடிச்சா இப்பிடித்தான்," என்றார் சில்வெஸ்ரர் மாமா, ஊசியில் இருந்து கண்ணை எடுக்காமல். "மூண்டு தரம் பிடிக்கும், ஒருக்கா விடும். அந்த விடுற நேரம் காது தானா அங்கை போகும்."

"அதுதான் மாமா. அந்த விடுற இடத்துக்காகத்தான் கேக்கிறது."

"உதைச் சொன்னால் சரி. இவங்கள் ஏதோ நோய் வருத்தமெண்டெல்லோ சொன்னவங்கள்."

அவருக்கு இரண்டாவதும் பிடித்தது. மூன்றாவது வந்தபோது ஜெனுஷன் பொறுமை இழந்தான். "செற் நிண்டிட்டு," என்றான். "நிக்கேல்லை, கேள்," என்றாள். கொஞ்சம் பொறுத்து ஒரு கிறீச் வந்தது. "பாத்தியோ," என்றாள். பிறகு மறுபடியும் ஒன்றுமில்லை. அலை இரண்டு தரம் அடித்தது. அந்தப் பாட்டின் முடிவு எங்கே என்று யாருக்கும் தெரியாது. அதுதான் அதன் விசேசம் என்று அவளே பலருக்குச் சொல்லியிருக்கிறாள். அது முடிந்துபோனதை அவளும் கவனிக்கவில்லை.

டக்.

அவள் விரல்கள் வலைக்குள் இருந்தன. இழுத்தாள். இன்னும் இறுகியது.

டக். டக்டக். டக்.

"வேறை. வேறை. வேறை ஒண். டும். வேறை ஒண்டும். இல். இல்லை."

"அட, தமிழ்ப் பாட்டு," என்றான் ஜெனுஷன். பிறகு சில்வெஸ்ரர் மாமாவின் ஊசி நின்றதைப் பார்த்து வாயை மூடினான்.

ஒவ்வொரு கசற்றின் தொடக்கத்திலும் அப்பா அதைத்தான் சொல்வார். கேட்கப்போகிற நேவிக்காரருக்காக. இது குடும்பக் கடிதம், வேறை ஒண்டும் இல்லை. அவர்களுக்குத் தமிழ் விளங்காது என்று அம்மா சொல்லிப் பார்த்தா. விளங்கினாலும் விளங்காட்டியும் சொல்லி வைக்கிறது நல்லது என்பார்.

தேத்தண்ணிக் கேத்திலோடு வாசலில் நின்ற கிளின்ரன் சொன்னான், "அக்கா, இது பெரியப்பா."

யாரும் செற்றை நிறுத்தவில்லை. செருமல் வந்தது. அந்தச் செருமலை அவள் எட்டுத் தரம் அடுக்கியிருந்தாள். பாட்டு முடிந்தது. சில்வெஸ்ரர் மாமா அவள் விரல்களை ஒவ்வொன்றாகக் கண்ணியிலிருந்து கழற்றிவிட்டார்.

"முழுசா எங்கை?"

"இல்லை மாமா. அதுக்கு மேலை நான் பதில் பதிஞ்சிட்டன்."

அவருக்கு மேலும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவருடைய மகளும் வெளிநாட்டில்தான், பிரான்சில்.

"கொம்மாவுக்குத் தெரியுமோ?"

"இல்லை."

"இண்டைக்கே போய்ச் சொல்லு. நாளைக்கு ஆக்களுக்கு முன்னாலை அவவைத் தேட விடாதை."

அம்மா முன் அறையில் மேசைக்கு வெள்ளைத் துணி விரித்திருந்தா. அப்பாவின் படம், ஒரு மெழுகுதிரி, பக்கத்தில் செற்றுக்கு அளவாக விட்ட இடம். ஆறு புதுப் பற்றறிகள் வரிசையாக நின்றன. இப்போது குசினியில் நாளைக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தா.

நிரோஜினி செற்றைக் குசினி நிலத்தில் வைத்துக் கசற்றைப் போட்டாள். எப்படிச் சொல்வது என்று தெரியாததால் போட்டாள்.

"அப்பா, நான் சுகம். இஞ்சை இப்பதான் குளிர் குறையுது. சித்தப்பா ஆக்கள் சுகம். வேலை பரவாயில்லை..."

அம்மா இரண்டு வெங்காயம் உரிக்குமட்டும் கேட்டா.

"நீ சுகமெண்டு தெரியுது. அவர் எங்கை?"

"இதுக்குக் கீழை இருந்தவர் அம்மா. நான் மேலை பதிஞ்சிட்டன்."

அம்மா கத்தியைக் கீழே வைக்கவில்லை. அடுத்த வெங்காயத்தை எடுத்தா. அதையும் உரித்தா. "ம்," என்றா.

"ஒரு சீடியிலை கொஞ்சம் இருக்கு. ஆனா வெட்டிக் கிடக்கு. நான்தான் வெட்டினனான். ஒட்ட ஏலாது."

"போடு."

போட்டாள். டக் டக் என்று தொடங்கியது. வேறை, வேறை, ஒண், டும். அம்மாவின் முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை. நிரோஜினிக்கு அது கண்ணாடி பார்த்தது போல இருந்தது. அழாத ஆள் தான் மட்டுமில்லை என்பதை அப்போதுதான் கண்டாள். வந்த நாளிலிருந்து அம்மா அழுததை அவள் பார்க்கவில்லை.

பாட்டு முடிந்தது.

"இன்னொருக்கா."

இரண்டாந்தரம் அம்மா இடையிடையே பேசினா. செற்றோடு பேசுவது போல.

"இது குடும்பக் கடிதம், அதை விட்டிட்டாய். பிறகு, பிள்ளை எண்டவர். பிறகு கோயில் கூரை வேலை சொன்னவர். இந்தா, செருமுறார். இது கூரைக்குப் பிறகு செருமினது. பிறகு சில்வெஸ்ரரின்ரை வலை... ஓம். இது மற்றச் செருமல் இல்லை, அதேதான். ஏன் திருப்பித் திருப்பி?"

"தாளத்துக்கு."

"ம்." மறுபடியும் கேட்டா. "அது என்ன டக் எண்டு?"

"அது கசற்றிலையே இருந்தது. கடைசியிலை. நல்ல சத்தமாக் கிடந்தது, அதைத்தான் மேளமா வைச்சனான்."

அம்மா கத்தியைக் கீழே வைத்தா. கைகளைச் சட்டையில் துடைத்தா. செற்றுக்குக் கிட்டே நகர்ந்து வந்து இருந்தா.

"அது நான் நிப்பாட்டினது."

"என்ன?"

"பெருவிரலாலை. எப்பவும் நான்தானே அமத்திறது. அவருக்கு எந்தப் பொத்தான் எண்டு தெரியாது. கடைசியிலை, பிள்ளை, நெஞ்சுக்கை கொஞ்ச நாளா எண்டு துவங்கினவர். உனக்கு ஏன் அந்த யோசனை எண்டு நான் அமத்திப்போட்டன். ஏன் நிப்பாட்டினனீர் எண்டு கேட்டவர். மீன் கருகுது எண்டு சொல்லிப்போட்டு எழும்பி வந்தனான்."

செற்றில் டக் டக் என்று போய்க்கொண்டிருந்தது. பாட்டு முழுவதும் அதுதான் இருந்தது. அதன் மேல்தான் மற்ற எல்லாம் நின்றது. நிரோஜினி அதை நூறு தரம் கேட்டிருக்கிறாள், அளந்திருக்கிறாள், கூட்டிக் குறைத்திருக்கிறாள். ரொறொன்ரோவில் அந்தப் பொடியன் தலையை ஆட்டி, மேளம் திறம் என்றான்.

"நெஞ்சுக்கை எண்ட சொல்லு அதிலை இருந்ததோ?" என்று அம்மா கேட்டா.

அவள் யோசித்தாள். கோப்பை கழுவிய தண்ணீர்ச் சத்தம்தான் ஞாபகம் வந்தது.

"தெரியாது அம்மா. நான் வடிவாக் கேக்கேல்லை."

அம்மா தலையை ஆட்டினா. பிறகு மிச்ச வெங்காயத்தை இரண்டு பங்காகப் பிரித்து ஒரு பங்கை அவள் பக்கம் தள்ளினா. இரண்டு பேரும் உரித்தார்கள். கண் எரிந்தது, தண்ணீர் வந்தது, அது வெங்காயத்துக்கு வந்தது.

"நாளைக்கு என்ன செய்யிறது?" என்றாள் நிரோஜினி.

"போடுறதுதான். குரலெண்டு சொல்லிப்போட்டன்."

மறுநாள் பூசை முடிந்து வந்தவர்கள் முன் அறையிலும் முற்றத்திலும் கதிரைகளில் இருந்தார்கள். அம்மா மெழுகுதிரியைக் கொளுத்தி, செற்றுக்குப் பக்கத்தில் நின்றா. ஆட்களைப் பார்த்துப் பேசிப் பழக்கமில்லாத குரலில் சொன்னா.

"செற் பழுதெண்டு நினைக்காதையுங்கோ. இது இப்பிடித்தான். இடையிலை நிக்கும், பிறகு வரும். முழுசா வருமெண்டு காத்திருக்க வேண்டாம். வாறதைக் கேளுங்கோ."

நாலாவதைப் போடு என்று நிரோஜினிக்குக் கண்ணால் காட்டினா.

அப்பா வந்தார். வேறை, வேறை, ஒண், டும். ஒருத்தி விம்மினாள். சில்வெஸ்ரர் மாமா விடுகிற இடங்களில் கண்ணை மூடினார். கிளின்ரன் பெருமையோடு பக்கத்திலிருந்தவரின் காதுக்குள் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தான். முன் வரிசையில் இருந்த மரியநாயகம் அப்பு, காது கொஞ்சம் மந்தமானவர், முன்னால் குனிந்தார்.

"குரல் அம்புறோஸ்தான். நடுவிலை டக் டக்கெண்டு அடிக்கிறது என்ன?"

செற்றைப் போட்டுவிட்டுப் போன நிரோஜினி தட்டத்தில் தேத்தண்ணியோடு வாசலில் நின்றாள். அம்மா அவள் பக்கம் திரும்பவில்லை.

"அது மேளம் அப்பு," என்றா.