இரண்டு ஐந்தாம் நம்பர் பஸ்

விடுமுறைக்குத் தீவுக்கு வந்திருந்த பெரியவரின் மகள் மறுநாள் விடியற்காலையில் ஊர் திரும்புகிறாள். அவளைப் பார்க்க நாலு மணிப் படகை விட்டால் வேறு படகு இல்லை. படகுத்துறைக்குப் போகப் பெரியவரிடம் காரும் இல்லை.

பஸ் நிலையத்தில் இரண்டு பஸ்கள் ஆளுக்கொரு திசை பார்த்து நின்றன. இரண்டிலும் ஐந்தாம் நம்பர். படகுத்துறை போகுமா என்று பெரியவர் கேட்டதற்கு இரண்டு டிரைவர்களும், "போகும், ஏறுங்க" என்றார்கள்.

"ஒருத்தன் புளுகுறான்" என்றார் மனைவியிடம்.

"அவங்களுக்கு உங்க மேல என்ன பகை? ஏதோ ஒண்ணுல ஏறுங்க."

"கடல் என்ன ரெண்டு பக்கமுமா இருக்கு?"

அந்த அம்மாள் ஒன்றில் ஏறிக்கொண்டாள். உடனே அது கிளம்பிவிட்டது. பெரியவர் கத்திக்கொண்டே கொஞ்ச தூரம் ஓடினார். பிறகு, இவள் தொலைந்த சேதியை மகளிடம் சொல்லவாவது ஆள் வேண்டுமே என்று மற்றதில் ஏறினார்.

படகுத்துறையில் அவர் இறங்கும்போது மணி நாலு. படகில் ஒரு காலும் கரையில் ஒரு காலுமாக நின்று, படகுக்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள் மனைவி.

"நீ எப்படி இங்க வந்த?"

"ரெண்டும் ஊரைச் சுத்துற பஸ்ஸாம். எந்தப் பக்கமாப் போனாலும் இங்கதான் வருமாம். ஏறுங்க முதல்ல!"

படகு நகர்ந்த பிறகும் பெரியவர் கரையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"அது சரி, அதுல எவன் புளுகினான்?"