முன்விளிம்பு

மின்நிலையத்தில் காற்றை அழுத்தித் தள்ளும் பெரிய கம்ப்ரஸரின் மேல்மூடியைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தார்கள். நடுவே தண்டும் அதைச் சுற்றி வரிசை வரிசையாகப் பதினேழு அடுக்கு பிளேடுகளும் தெரிந்தன. முதல் வரிசைக்கு எதிரே பலகை போட்டு உட்கார்ந்திருந்த விரல்காரி, கையுறையைக் கழற்றிவிட்டு ஒரு பிளேடின் முன்விளிம்பில் கட்டைவிரலை மேலிருந்து கீழாக ஓட்டினாள். பதினோரு வருஷமாக இதுதான் வேலை. அந்தப் பட்டப்பெயரும் அதனால் வந்ததுதான்.

"ரெண்டு தடவை கழுவியாச்சும்மா. அப்பவும் அழுத்தம் ஏறல" என்றார் புது இன்ஜினியர்.

"அழுக்குன்னா கழுவினா போயிருக்கும் சார். இது தேய்மானம். காத்தோட வர்ற மணல் பிளேடோட மூக்கைத் தின்னுட்டுது. மூக்கு தட்டையாப் போனா காத்து முதுகோட ஒட்டி வராது, பிச்சுக்கிட்டுப் போயிடும். முதல் வரிசையில நிக்கிற ஆளே சொதப்பினா பின்னாடி நிக்கிறவன் என்ன பண்ணுவான்?"

"அப்ப நல்லாக் கூராக்கிடுங்க."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். மூன்று வருஷத்துக்கு முன் வெளியிலிருந்து வந்த கூட்டம் ஒன்று அப்படித்தான் சாணை பிடித்த கத்தியாகத் தீட்டிவிட்டுப் போனது. மறுநாள் சுமை மாறியதும் இயந்திரம் போட்ட இருமலில் ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கின.

"காத்து எப்பவும் நேராவா வருது? கொஞ்சம் சாஞ்சு வந்தாலும் கூருல நிக்காது சார். வெள்ளரி விதை முனை மாதிரி இருக்கணும். மெலிசா, ஆனா உருண்டையா."

நான்கு நாள் ஆயிற்று. அரத்தையும் உப்புத்தாளையும் பிளேடின் நீளவாக்கிலேயே ஓட்டினாள். குறுக்கே ஒரு கீறல் விழுந்தாலும் விரிசல் அங்கேதான் பிறக்கும். ஒவ்வொன்றையும் முடித்ததும் கண்ணை மூடி விரலால் தடவினாள். கண் ஏமாறும், விரல் ஏமாறாது. அந்தக் கர்வம் அவளுக்கு உண்டு, அதை அவள் மறைத்ததும் இல்லை.

இன்னொரு நினைப்பும் கூடவே இருந்தது. காண்ட்ராக்ட் ஆட்களில் இரண்டு வருஷ வருகை சரியாக உள்ளவர்களை நிரந்தரமாக்கும் பட்டியல் இந்த வாரம் வருகிறது. வாசலில் இருக்கும் வருகைப் பெட்டி கட்டைவிரலைக் கேட்கும். உப்புத்தாளோடு தேய்ந்து தேய்ந்து அவள் பத்து விரலிலும் ரேகை போய் நாளாகிவிட்டது. பெட்டி மறுக்கும்போதெல்லாம் காவலாளியின் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போவாள். அதுவும் கணக்குதான் என்று எல்லாரும் சொல்லியிருந்தார்கள்.

ஐந்தாம் நாள் இயந்திரத்தை ஓட்டினார்கள். அழுத்தமானியின் முள் பழைய கோட்டைத் தொட்டு, அதையும் தாண்டி நின்றது. சுமையை ஏற்றி இறக்கிப் பார்த்தார்கள். ஓர் இருமல் இல்லை. "அக்கா!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தார் இன்ஜினியர். நேற்றுவரை அம்மாவாக இருந்தவள் ஒரே நாளில் அக்காவாகிவிட்டாள். அவளுக்கு நெஞ்சு நிறைந்தது.

அதே கையோடு வாசல் அறைக்குப் போனாள். சுவரில் பட்டியல் ஒட்டியிருந்தது. மேலிருந்து கீழாக இரண்டு முறை பார்த்தாள். அவள் பெயர் இல்லை.

"பெட்டியில பதிவானாத்தான் வருகை. நோட்டெல்லாம் செல்லாதாம்" என்றார் குமாஸ்தா, தலை தூக்காமல். "இந்த நாலு நாளும் நீங்க வரலைன்னுதான் இருக்கு."

கம்ப்ரஸரின் ஓட்டத்தில் மேஜைமேல் இருந்த தம்ளர் மெல்ல அதிர்ந்துகொண்டிருந்தது.

"அந்தச் சத்தம் கேக்குதா சார்?"

"கேக்குது."

"நான் வந்த சத்தம்தான் அது."

குமாஸ்தா இப்போது நிமிர்ந்து பார்த்தார். அவள் கட்டைவிரலை மேல்சட்டையில் அழுந்தத் துடைத்து, பெட்டியின் கண்ணாடிமேல் வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. விரலை எடுக்காமல் அப்படியே நின்றாள்.