பஸ் திரும்பிய முக்கு

சின்னவளுக்கு இப்போது ஆபீஸ் வண்டி வாசலுக்கே வருகிறது. ஏசி, ஆளுக்கொரு சீட். ஏறும்போதெல்லாம் பள்ளிக்கூடத்துக்குப் போன அந்தப் பழைய பஸ்ஸுக்காக மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். ஜன்னல் சாத்தாது, மழை வந்தால் உள்ளேயே குடை பிடிக்க வேண்டும். ஆனாலும் சொர்க்கம். அக்கா நின்றபடியே கண்டக்டர் மகளின் வீட்டுக்கணக்கைப் போட்டுக் கொடுப்பாள். கண்டக்டர் அவளுக்கு வைத்த பெயரே கால்குலேட்டர்.

"என்ன கால்குலேட்டர், நேத்து போட்டதைப் பார்த்து டீச்சரே அசந்துட்டாங்களாம்!"

"அப்ப அவங்க சம்பளத்தை எனக்குத் தரச் சொல்லுங்க அண்ணே!"

சிரிப்பில் பஸ்ஸே குலுங்கும்.

பஸ் வந்து திரும்புவது அவர்கள் தெருமுக்கில்தான். அங்கே ஒரு கூட்டம் கொடிக்கம்பம் நட்டது. பீடம் கட்டியது வேறு யாருமில்லை, கொத்தனாரான அவர்கள் அப்பாவேதான். சொந்த வீட்டுக் குளியலறைக்குக் கதவு வைக்க நேரமில்லாத மனுஷன், அந்தப் பீடத்தைப் பார்த்துப் பார்த்துப் பூசினார். மறு வாரமே எதிராளிகள் எதிர்ப்பக்கம் ஒன்றை நட்டார்கள், அரை ஆள் உயரம் கூடுதலாக. பஸ் முன்னும் பின்னும் முக்கி முனகிப் பார்த்துவிட்டு, மெயின் ரோட்டோடு நின்றுகொண்டது.

மெயின் ரோடு வரைக்கும் வீடில்லை, விளக்கில்லை. சாராயக்கடை மட்டும் உண்டு.

"அந்த வழியா நடந்து போய் ஒண்ணும் கிழிக்க வேணாம். பஸ் வந்தா படி, இல்லன்னா வீட்ல இரு" என்று அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். சின்னவளைப் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலிருந்த தன் வீட்டில் வைத்து அதே பள்ளிக்கு அனுப்புவதாக அத்தை சொன்னாள். வயசுக்கு வந்த பெரியவளை அடுத்தவர் வீட்டில் விட அப்பாவுக்கு மனசில்லை. அவளுக்கோ கடைசி வருஷம்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு தரப்பும் பேச உட்கார்ந்தன. "பீடத்தை ரெண்டடி தள்ளி வெச்சா போதும்பா, பஸ் திரும்பிடும். மறக்காம சொல்லுங்க" என்று அக்கா சொல்லி அனுப்பினாள். அப்பாவும் தலையாட்டிவிட்டுத்தான் போனார். அவள் மறுநாளுக்கு யூனிஃபார்ம் தேய்க்க உட்கார்ந்துவிட்டாள்.

திரும்பி வந்த அப்பாவுக்கு முகமெல்லாம் பல்.

"முடிஞ்சுதும்மா! கத்திக் கத்தித் தொண்டையே போச்சு. கடைசியில ரெண்டு கம்பமும் ஒரே உயரம்னு ஒத்துக்கிட்டானுங்க. இனி நம்மளை எவனாவது மட்டமாப் பேசுவானா?"

"பஸ்ஸுப்பா?"

"எந்த பஸ்ஸு?"

கேட்டபிறகுதான் அவருக்கே உறைத்தது. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அதை யாருமே எடுக்கலையேம்மா... அடுத்த கூட்டத்துல பேசிக்கலாம்."

அக்கா இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள். ஒரு கை மட்டும் தேய்த்திருந்த சட்டையை மடித்துச் சின்னவளிடம் நீட்டினாள்.

"அத்தை வீட்டுக்கு எடுத்துட்டுப் போ. தோள்ல மட்டும் கொஞ்சம் பிடிச்சுத் தைச்சுக்கோ."