கோர்ட்டில் சொல்லக் கூடாத பதில்

அன்றைக்குச் சித்தூர் கோர்ட்டில் எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. என் புருஷன் முனிகிருஷ்ணனை வீட்டுக்கு விடுவார்களா, விசாகப்பட்டினத்துப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்களா என்று அன்றைக்குத் தெரிந்துவிடும். முன்னேயென்றால் மெட்ராஸுக்கு அனுப்புவார்களாம். காலையில் போய்ப் பார்த்துவிட்டுப் பொழுது சாய வந்துவிடலாம். ஆந்திரா தனியாகப் பிரிந்த பிறகு பைத்தியத்துக்கும் எல்லை போட்டுவிட்டார்கள்.

எங்கள் ஊர் நகரிக்கும் திருத்தணிக்கும் நடுவில் இருக்கிறது. எல்லை அளக்க வந்தவர்கள் எங்கள் வேர்க்கடலைக் கொல்லையில் ஒரு கல்லை நட்டார்கள். அதற்கு முன்பே இவர் காதில் ஏதோ ஒரு குரல் பேச ஆரம்பித்திருந்தது. அந்தக் கல் உன் நெஞ்சின் மேல் நட்ட கல் என்று அது சொல்லியிருக்கிறது. இவர் கல்லைப் பிடுங்கிக் கிணற்றில் போட்டார். தடுக்க வந்த சர்வே ஆளைக் கடப்பாரையால் அடித்துக் கையை உடைத்துவிட்டார். போலீஸ் வந்து ஜெயிலுக்குக் கொண்டுபோனது.

ஜெயிலில் இவரைப் பார்க்கத் திருப்பதியிலிருந்து பாகாலா வழியாக ரயிலேறி வாராவாரம் வந்தார் டாக்டர் ஆதிநாராயணன். மாத்திரை கொடுத்தார். அதைவிட அதிகமாகப் பேசினார். அதே நாளில் இவரைப் பார்க்கப் போகும் எனக்குக் கோபமாக வந்தது.

"இன்னா சார், பேசினா பைத்தியம் தெளியுமா? எங்க ஊர்ல எல்லாரும் நாள் பூரா பேசிக்கினுதான் கீறாங்க!"

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு எனக்கும் ஒரு வேலை கொடுத்தார். குரல் வரும்போதெல்லாம் இவர் பக்கத்தில் இருப்பவரிடம் "உனக்குக் கேட்டுச்சா?" என்று விசாரிக்க வேண்டும். கேட்கவில்லை என்றால் அது சொன்னதைச் செய்யக் கூடாது. நான் பொய் சொல்லக் கூடாது, கத்தவும் கூடாது. பொய் சொல்லாமல் இருந்துவிடலாம், கத்தாமல் இருப்பதுதான் எனக்குப் பெரும்பாடு.

ஆனால் பலித்தது! சுவரோடு பேசிக்கொண்டிருந்த மனிதர், மாடு கன்று போட்டதா என்று என்னை விசாரித்தார். எனக்கு ஜெயிலென்றும் பார்க்காமல் குதிக்க வேண்டும் போலிருந்தது.

கோர்ட்டுக்குப் போகும் முன் வக்கீல் நாராயணசாமி கண்டிப்பாகச் சொன்னார். "குரல் நின்னுபோச்சுன்னு சொல்லணும். இன்னும் கேக்குதுன்னு சொன்னா, நேரா விசாகப்பட்டினம்தான்." நானும் இவரை அதையே திருப்பித் திருப்பிச் சொல்ல வைத்தேன்.

சர்க்கார் வக்கீல் எழுந்ததுமே கையை நீட்டிப் பேசினார். "முதலில் இவனைச் சோதித்த வேறொரு டாக்டர், உன் ஊர் எந்த ராஜ்யம் என்று கேட்டதற்கு இவனால் பதில் சொல்ல முடியவில்லை. புத்தி இல்லை என்பதற்கு வேறென்ன வேண்டும்?"

மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தெலுங்கில் அதே கேள்வியைக் கேட்டார்.

"அதுக்குத்தானே சாமி கல்லு நட்டுக்கினு கீறாங்க?" என்றார் இவர். "இப்ப ஆந்திரா. அளந்தவங்க மெட்ராஸுக்குப் போயிடும்ங்கறாங்க. முடிவு பண்ணிச் சொல்லுங்க, நானும் அதையே சொல்றேன்."

கோர்ட்டே சிரித்தது. வெளியில் நின்ற டவாலி சேவகனும் எட்டிப் பார்த்துச் சிரித்தான். மாஜிஸ்திரேட் வாயைக் கையால் மறைத்துக்கொண்டார். ஜெயித்துவிட்டோம் என்று வக்கீல் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

"இப்போதும் குரல் கேட்கிறதா?" என்றார் மாஜிஸ்திரேட்.

இவர் என்னைப் பார்த்தார். பிறகு டாக்டரைப் பார்த்தார்.

"கேக்குது சாமி."

பாவி மனுஷா! ஓடிப்போய் வாயைப் பொத்தலாமா என்றிருந்தது. வக்கீல் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"முன்ன அது சொன்னா நிஜம்னு நினைச்சேன். இப்ப அவளை விசாரிச்சிட்டுத்தான் எதுவும் செய்வேன். கை உடைஞ்ச ஆள்கிட்ட மன்னிப்பு கேக்கணும். அதை அந்தக் குரல் சொல்லல, நானே சொல்றேன்."

டாக்டர் துள்ளி எழுந்தார். "யுவர் ஆனர், குரல் நின்றுவிட்டது என்று இவர் சொல்லியிருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன். என் சிகிச்சை இதுதான்!"

மாஜிஸ்திரேட் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, வழக்கு நடக்கட்டும், அதுவரை இவர் வீட்டில் இருக்கலாம், வாராவாரம் திருப்பதிக்குப் போய் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று உத்தரவிட்டார். நான் அழுதேன், சிரித்தேன், வக்கீலைக்கூடக் கும்பிட்டேன்.

வெளியே விலங்கைக் கழற்றினார்கள். இவர் படியில் இறங்கினவர் சட்டென்று நின்றுவிட்டார். முகம் மாறியிருந்தது.

"உனக்குக் கேட்டுச்சா?"

"இல்லய்யா. இன்னா சொல்லுது?"

"இவ கூடப் போவாத, சோத்துல விஷம் வெப்பாங்குது."

நான் கத்தவில்லை. நின்ற இடத்திலேயே நின்றேன். இவர் என் கையிலிருந்த சோற்றுத் தூக்கை வாங்கித் திறந்து, அங்கேயே படியில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார்.