முதல் பந்தி உப்பு

உப்புக்கு வாசனை கிடையாது. இது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நாற்பது வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

கலசப்பாக்கம் பக்கம் ஆதிநாராயணன் என்றால் முழிப்பார்கள். 'மூக்கு மாஸ்டர்' என்றால் எந்தக் கல்யாண மண்டபத்திலும் தெரியும். சாமிக்குப் படைப்பதற்கு முன்னால் சமையல்காரன் வாய் வைக்கக்கூடாது, அதனால் நான் ருசி பார்ப்பதில்லை. அண்டாவின் மேல் குனிந்து ஒரு இழுப்பு. "இன்னும் ஒரு பிடி உப்பு போடு" என்பேன். சுற்றி நிற்பவர்கள் வாயைப் பிளப்பார்கள்.

அத்தனையும் டூப்பு. முதல் பந்திக்கு உப்பைக் கொஞ்சம் குறைத்தே அனுப்புவேன். தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டு, இலை ஓரத்தில் வைத்த உப்பை எத்தனை விரல்கள் தேடிப் போகின்றன என்று பார்ப்பேன். அதற்குத் தக்கபடி இரண்டாம் பந்திக்குச் சேர்ப்பேன். மோப்ப நாடகமெல்லாம் அதற்கு அப்புறம்தான். முதல் பந்தியிலேயே மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்துவிட்டால் மட்டும்தான் எனக்குத் திண்டாட்டம்.

முழங்கால் மக்கர் செய்ததும், புதூர்நாடு மலைக்குப் போகிற வழியில் இருக்கும் இந்த முதியோர் குடியிருப்புக்கு வந்துவிட்டேன். பேர்தான் ஓய்வு. காலையில் நடை, அப்புறம் யோகா, அப்புறம் கேரம், சாயங்காலம் பாட்டு கிளாஸ். கல்யாண சீசனில்கூட நான் இப்படி ஓடியதில்லை! எனக்கு வேண்டியதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை அடுப்பு. அன்று மட்டும் இங்கே சமைக்கிற செல்லியம்மாள் சமையலறையை எனக்கு விட்டுத் தருவாள். மலைக்காரி, சாமைச் சோற்றை என்னைவிட நன்றாக வடிப்பாள். அது வேறு வயிற்றெரிச்சல். முப்பது பேர் என் கையால் சாப்பிடும் அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற ஆறு நாளும் கையைக் காலை மடக்கி யோகா செய்தேன். அது போய்விட்டால் எனக்கு இங்கே என்ன இருக்கிறது?

அதற்கு வேட்டு வைக்க வந்து சேர்ந்தார் காந்தா மேடம். உணவு பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், சொந்த ஊர் திருப்பத்தூர். வந்த இரண்டாம் மாதமே உணவுக் கமிட்டித் தலைவி. முதல் வேலையாகச் சாப்பாட்டு மேஜைகளில் இருந்த உப்பு டப்பாக்களை எடுக்கவைத்தார். பாதிப் பேருக்கு பிரஷர் என்பதால் யாரும் வாய் திறக்கவில்லை. அடுத்து என்னிடம் வந்தார்.

"ருசி பாக்காம இன்னாத்த நம்பி முப்பது பேருக்கு உப்பு போடுறீங்க மாஸ்டர்?"

"மூக்க நம்பித்தான் மேடம்."

"அப்ப சனிக்கெழம காட்டுங்க. மூணு சட்டி ரசம் வெக்கிறேன். ஒண்ணுல உப்பு இருக்காது. எதுன்னு மோந்து சொல்லிட்டீங்கன்னா ஞாயித்துக்கெழம அடுப்பு உங்களுது. இல்லன்னா கேரம் ஆடுங்க."

என்ன திமிர்! ஆனால் உப்புக்குத்தான் வாசனையே கிடையாதே. செல்லியம்மாளிடம் போய்க் கெஞ்சினேன்.

"எந்தச் சட்டின்னு கண்ணால ஜாடை காட்டு தாயி."

"அந்தம்மா என்ன உள்ளயே வுடமாட்டேங்குதுணா. கதவ சாத்திக்கினு தானே வெக்கிறேன்னு சொல்லிட்டாங்க."

அப்போதுதான் மூளை வேலை செய்தது. மேஜையிலிருந்து உப்பு டப்பா போனதே தவிர, உப்பு போகவில்லை. பஸ் கண்டக்டராக இருந்த அருணகிரி சட்டைப்பையில் பொட்டலம் வைத்திருந்தான். அமுதவல்லி டீச்சர் ஹோமியோபதி மாத்திரைக் குப்பியில் வைத்திருந்தார். கோபால்சாமிக்குக் காது மெஷின் டப்பா. மூன்று பேரும் என்னோடு ஒரே மேஜையில் சாப்பிடுகிறவர்கள், எனக்குத் தெரியாதா?

சனிக்கிழமை எல்லோரும் கூடியதும் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். "பந்தி போடாத சமையல நான் மோக்கறதில்ல மேடம். தொழில் வழக்கம். சட்டிக்கு ஒருத்தரா மூணு பேர் சாப்பிடட்டும்." நானே அந்த மூன்று பேரையும் உட்காரவைத்தேன். மேடம் மறுபேச்சில்லாமல் தலையாட்டினார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ரசம் ஊற்றியாயிற்று. நான் சட்டிமேல் குனிந்து, கண்ணைப் பாதி மூடி, புஸ் புஸ்ஸென்று இழுத்தேன். அருணகிரி ஒரு வாய் வைத்தான். கை சட்டைப்பைக்குப் போனது. ஆகா, முதல் சட்டி! வாயைத் திறக்கப் போனவன், டீச்சர் குப்பியைத் திருகுவதைப் பார்த்தேன். அந்தப் பக்கம் கோபால்சாமியின் காது மெஷின் டப்பாவும் திறந்தது.

அடிப்பாவி! ஒன்றில்தான் இல்லை என்றாரே?

"மூணுலயும் உப்பு இல்ல!" என்று கத்தினேன்.

மேடம் தலையாட்டினார். ஒரே கைதட்டல், விசில். நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பார்க்கிறேன், மேடம் நேராக அருணகிரியிடம் போய்க் கையை நீட்டுகிறார். "எடுங்க." அப்புறம் டீச்சரிடம். "எடுங்க." அப்புறம் கோபால்சாமியிடம்.

"பாவி மாஸ்டரே, காட்டிக் குடுத்துட்டியே! இன்னா மூக்குய்யா உன் மூக்கு!" என்றான் அருணகிரி. நான் எங்கே காட்டிக் கொடுத்தேன்?

பிடித்த உப்பையெல்லாம் பையில் போட்டுக்கொண்டு மேடம் என் காதோரம் வந்தார்.

"இருபது வருஷத்துக்கு முன்னாடி கலசப்பாக்கத்துல ஒரு கல்யாணத்துல மொதல் பந்தில ஒக்காந்தேன் மாஸ்டர். ரசத்துல உப்பு இல்ல. எலை ஓரத்துல கைய வெச்சிட்டு நிமிந்து பாத்தா, தூணுக்குப் பின்னாடி ஒருத்தர் என் வெரலயே பாத்துக்கினு நிக்கிறாரு. நீங்க பந்தி கேப்பீங்கன்னு தெரிஞ்சுதான் மூணுலயும் உப்பு போடல. இன்னைக்கு நீங்க கையப் பாத்தீங்க, நான் உங்க கண்ணப் பாத்தேன். யாரு உப்பு வெச்சிக்கினு இருக்காங்கன்னு எனக்கு வேற எப்பிடித் தெரியும்?"

எனக்கு முகம் செத்துவிட்டது. நாற்பது வருட மானம் அந்த அம்மாளின் கைப்பையில், மூன்று பேர் உப்போடு கிடந்தது.

"பயப்படாதீங்க, வெளில சொல்லமாட்டேன். அடுப்பு உங்களுதுதான். ஆனா உப்பு நான் சொல்ற அளவுதான். மொதல் பந்தில நான் ஒக்காந்து பாப்பேன்."

மறுநாள் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் வைத்தேன். உப்பு அவர் சொன்ன அளவு, ஒரு கல்கூட அதிகமில்லை. முதல் பந்தியில் நடுநாயகமாக மேடம். பழக்கம் விடுமா, நான் தூணுக்குப் பின்னால் போய் நின்றேன்.

மேடம் ஒரு வாய் சாப்பிட்டார். இரண்டாவது வாய். கைப்பையைத் திறந்து மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்தார். கண்ணாடியோ ஏற்கெனவே மூக்கின் மேல் இருந்தது.

நான் மெல்லப் போய் அவர் தட்டின் மேல் குனிந்து, ஒரு நல்ல இழுப்பு இழுத்தேன். பிறகு கையை நீட்டினேன்.

"எடுங்க மேடம்."

கூடு டப்பென்று மூடியது. அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்துவிட்டு, அசல் அதிகாரிக் குரலில் மெதுவாகச் சொன்னார்.

"உங்க மூக்கப் பத்தி நான் பேசல மாஸ்டர். என் மூக்குக்கண்ணாடியப் பத்தி நீங்க பேசாதீங்க."

உள்ளே போய் இரண்டாம் பந்திக்கு அரை ஸ்பூன் சேர்த்தேன்.