சுவரைத் தொட்ட துகள்

அரை வர வேண்டிய இடத்தில் மறுபடியும் புள்ளி ஐந்து ஆறு வந்திருந்தது. பல்கலைக்கழகக் கணினி அறையில் அச்சுத்தாளைக் கிழித்தெடுத்தபோது எரிச்சல் தலைக்கேறியது. எண்பத்தாறாம் வருஷம் முழுக்க எனக்கு இதே பாடுதான். விஷயம் இவ்வளவுதான்: ஆரம் ஒன்று உள்ள வட்டம், நடுவில் ஒரு துகள். அது திக்குத் திசையில்லாமல் அலைகிறது. விளிம்புச் சுவரைத் தொட்டால் ஆட்டம் முடிந்தது. தொட எடுத்த நேரத்தைக் குறித்துக்கொண்டு அடுத்த துகளை விடுவேன். பத்தாயிரம் துகள்களின் சராசரிதான் நான் தீர்க்க வேண்டிய சமன்பாட்டின் விடை. வட்டத்துக்கு விடை அரை என்று காகிதத்திலேயே போட்டுவிடலாம். அதையே தப்பாகச் சொல்லும் நிரலை மற்ற வடிவங்களுக்கு எவன் நம்புவான்?

துகள் எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடியையும் சிறிதாக்கினேன். விடை கொஞ்சம் நகர்ந்தது. நிரல் ஓடும் நேரமோ இழுத்துக்கொண்டே போனது. நானும் அங்கேயே கிடந்தேன். காலை ஏழுக்குக் கிளம்பினால் பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்குத் திரும்ப ராத்திரி ஒன்பதாகிவிடும். வீட்டில் யார் காத்திருக்கிறார்கள்? என் மனைவி உர்சுலா கிள்ளானில் தன் அண்ணன் மாரிஸ் வீட்டுக்குப் போய் நான்கு மாதம். சண்டைகூட இல்லை. உங்களோடு இருந்தாலும் தனியாகத்தான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். போனவளே வரட்டும் என்று நானும் வீம்பாக இருந்தேன். ஆனால் திரும்பி வரும்போதெல்லாம் வாசல் கேட்டைப் பார்ப்பேன். பூட்டு நான் பூட்டியபடியே இருக்கும். இன்றைக்கும் வரவில்லை என்று நினைத்துக்கொண்டு படுத்தால் தூக்கம் வராது.

ஒரு சனிக்கிழமை பகலிலேயே திரும்பினேன். தப்பு எங்கே என்று பஸ்ஸில் பிடிபட்டிருந்தது. இந்த அடியில் துகள் உள்ளே, அடுத்த அடியிலும் உள்ளே. ஆகவே அது சுவரைத் தொடவில்லை என்று எண்ணிக்கொண்டிருந்தேன். நடுவில் தொட்டுவிட்டுத் திரும்பியிருக்கலாமே! இரண்டு இடங்களும் சுவருக்கு எவ்வளவு கிட்டே என்று பார்த்தால், இடையில் தொட்டிருக்கும் வாய்ப்பை ஒரே வரியில் கணக்கிட்டுவிடலாம். இதற்காகவா இத்தனை மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன்? யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்ல ஆளில்லை.

பக்கத்து வீட்டுத் தனலெட்சுமி ஆன்டி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பகலில் பார்ப்பதே அதிசயம் என்றார். அப்புறம் கொஞ்சம் தயங்கினார்.

“கிரிகரி சார், உங்க வைஃப் மூணு தடவ வந்தாங்க லா. புதன்கிழம மத்தியானத்துல. வாசக் கேட்ட புடிச்சிக்கிட்டு நிப்பாங்க, போயிருவாங்க. அவர்கிட்ட சொல்லாதீங்க ஆன்டின்னாங்க.”

வீட்டைத் திறக்காமலே போய்க் கிள்ளான் பஸ்ஸில் ஏறினேன்.

மாரிஸ் வீட்டில் உர்சுலா மட்டும்தான் இருந்தாள். வாசலின் இரும்புக் கிரில் கதவுக்கு உள்ளேயே நின்றாள். இளைத்திருந்தாள். ஆன்டி சொன்னதைச் சொன்னேன். நான் வேலையில் இருப்பேன் என்று தெரிந்தும் ஏன் மத்தியானத்தில் வந்தாய் என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் என் புத்தியை நானே நொந்துகொண்டேன்.

“நீங்க வீட்டுல இருந்தா வந்திருக்கவே மாட்டேன்,” என்றாள். “மூணு தடவயும் பூட்டுல சாவியப் போட்டேன். திருப்பல.”

வரும் புதன்கிழமை வீட்டில் இருப்பேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அது அவளை வரவிடாமல் செய்துவிடுமோ என்று பயமாக இருந்தது. அவள் கை கிரில்லின் தாழ்ப்பாள்மேல் வந்து இருந்தது. உள்ளே சட்டியில் மீன் கருகும் வாடை வந்தது. அவளும் திரும்பிப் பார்க்கவில்லை, கருகுகிறது என்று நானும் சொல்லவில்லை.